தாது வருடப் பஞ்சமும் ஒரு பவுண்டு தானியமும்: மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷின் அரசுப் பணி வரலாறு – பழைய சேலம் மாவட்டத்தின் தருமபுரிப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராகப் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாளர்க்கு வழங்கப்பட்ட தானிய அளவு குறைக்கப்பட்டதை எதிர்த்து நின்றவர். அவரது பணிவாழ்வை உணவு ஆய்வு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பஞ்சகால வழக்கு, இறப்புக் கணக்கீடு என்னும் நான்கு நிலைகளில் இக்கட்டுரை தொகுத்துரைக்கிறது. இன்றைய தருமபுரி மாவட்டம் அப்போது அடங்கியிருந்த சேலம் மாவட்டத்தின் நிலை இதற்குக் களமாகக் கொள்ளப்படுகிறது. பஞ்சத்தைப் பாடிய தமிழ் இலக்கியங்களை அரசு ஆவணங்களோடு இணைத்துப் படிப்பதன் தேவையும் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தாது வருடப் பஞ்சம், கார்னிஷ், சுகாதார ஆணையர், சேலம் மாவட்டம், தருமபுரி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பஞ்ச இலக்கியம்.

1. முன்னுரை

தமிழகத்தின் ஊர்ப்புறங்களில் தாது வருடப் பஞ்சம் என்ற தொடர் இன்றும் முற்றாக மறைந்துவிடவில்லை. முதியோர் பஞ்சத்தைக் குறிப்பிட வேண்டுமாயின் அந்த வருடத்தின் பெயரையே எடுத்துக்கொள்கின்றனர். தாது வருடம் 1876 ஏப்ரலில் பிறந்தது. அவ்வாண்டின் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்தன. அதனை அடுத்து வந்த ஈசுவர வருடத்திலும் துயரம் தொடர்ந்தது. அதற்குப் பின் வந்த வருடத்தின் பெயர் வெகுதானிய. பெயரில் தானியம் மிகுந்திருந்த அவ்வாண்டு பிறக்கும்போது தென்னிந்தியாவில் இறந்தோரின் எண்ணிக்கையை அரசே அறுதியிட முடியாத நிலை இருந்தது.

இப்பஞ்சம் குறித்த வரலாற்று நூல்களில் வைசிராய் லிட்டன் பிரபு, சர் ரிச்சர்ட் டெம்பிள், சென்னை ஆளுநர் பக்கிங்காம் கோமகன் ஆகியோரின் பெயர்கள் முதன்மை பெறுகின்றன. அவர்களோடு ஒரு மருத்துவரின் பெயரும் தவறாமல் இடம்பெறுகிறது. வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்னும் அம்மருத்துவர் நோயாளிக்குச் சிகிச்சை அளித்ததால் வரலாற்றில் நினைக்கப்படுபவரல்லர். ஓர் ஆண் உழைத்து உயிர்வாழ எவ்வளவு தானியம் வேண்டும் என்ற வினாவை அரசின் முன் வைத்து, அதற்கான விடையில் பின்வாங்க மறுத்தமையே அவரது பெயரை நிலைநிறுத்தியது. தமிழில் அவரது பணிவாழ்வு தனித்து எழுதப்பட வேண்டியதாக உள்ளது. அத்தேவையை ஓரளவு நிறைவு செய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. தொடக்கப் பணியும் உணவு ஆய்வும்

கார்னிஷ் 1828ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிறந்தவர். மருத்துவக் கல்வியை அங்கு முடித்து 1850களில் சென்னை மாகாண மருத்துவப் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் அரசு மருத்துவரின் கடமை பெரும்பாலும் படைவீரர், அரசு அலுவலர், சிறைவாசிகள் ஆகியோரைச் சுற்றியே அமைந்திருந்தது. பொதுமக்களின் உடல்நலம் அரசின் பொறுப்பு என்ற கருத்து அப்போது வேரூன்றவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின்னர், இந்தியாவிலிருந்த படைகளின் சுகாதார நிலையை ஆராய 1859இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1863இல் தன் அறிக்கையை அளித்தது. அதன் விளைவாக 1864இல் மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் தோன்றின. படைவீரரின் நலத்தைக் காக்க வேண்டுமாயின் அவர் வாழும் ஊரின் தண்ணீரையும் கழிவையும் நோயையும் கவனிக்க வேண்டும் என்னும் உணர்விலிருந்தே பொதுச் சுகாதாரத் துறை இந்நாட்டில் முளைவிட்டது எனலாம்.

இம்மாற்றம் நிகழ்ந்த 1863ஆம் ஆண்டிலேயே கார்னிஷ் ஒரு முக்கியமான தொகுப்பை வெளியிட்டார். சென்னை மாகாணத்து மக்களின் உணவின் இயல்பையும் மாவட்டச் சிறைகளில் வழங்கப்பட்ட உணவின் அளவையும் ஆராய்ந்த அறிக்கைகள் அதில் இடம்பெற்றன. சிறைவாசிக்கு எவ்வளவு உணவு தரலாம் என்ற நிருவாக வினாவே அதன் தொடக்கம். ஆனால் அவ்வினாவிற்கு விடை காண, சிறைக்கு வெளியே வாழும் உழைப்பாளி என்ன உண்கிறான் என்று அறிய வேண்டியிருந்தது. அரிசியே தென்னிந்தியரின் உணவு என்ற பொதுவான எண்ணம் அத்தகைய ஆய்வின் முன் நிலைக்கவில்லை. மேட்டுநில மாவட்டங்களில் கேழ்வரகு, கம்பு, சோளம், சாமை ஆகியனவே உழைக்கும் மக்களின் அன்றாட உணவு. பருப்பு, கீரை, மோர், இயன்றபோது இறைச்சி அல்லது மீன் ஆகியன அதனோடு சேர்வன. தானியத்தின் எடையை மட்டும் கணக்கிட்டு உடலின் தேவையை அறிய இயலாது. தசையை வளர்க்கும் சத்து எவ்வளவு உள்ளது என்றும் காண வேண்டும் என்ற பார்வை இங்கு உருப்பெற்றது. பதினான்கு ஆண்டுகள் கழித்து அவர் நடத்திய வழக்கிற்கு வேண்டிய அடிப்படை இவ்வாய்விலேயே அமைந்துவிட்டது.

3. எண்ணிக்கையும் சமூகமும்

1870ஆம் ஆண்டளவில் கார்னிஷ் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் பொறுப்பில் இருந்தார். அவ்வாண்டில் பரவிய காலராவின் போக்கையும், மாகாணத்தை முன்னர்த் தாக்கிய காலராக்களின் பதிவுகளையும் தொகுத்து 1871இல் நூலாக வெளியிட்டார். நோய் எந்தத் திசையிலிருந்து வந்தது, எந்த வழியில் சென்றது, எந்த மாதத்தில் உச்சம் பெற்றது என்பனவற்றை ஊர்வாரியாகக் கண்டறிய முயன்ற இந்நூல், கிராமத்துப் பதிவுகளின் மதிப்பை உணர்ந்த ஒருவரின் படைப்பாகும்.

அப்பதிவுகளை எழுதியவர்கள் மணியக்காரரும் கர்ணமும் ஆவர். பிறப்பு இறப்புப் பதிவிற்குத் தனியான அலுவலர் எவரும் இல்லாத நிலையில், வரிக்கணக்கை எழுதிய கையே இறப்புக் கணக்கையும் எழுதியது. ஊரில் இறந்தவர் பெயர் ஏட்டில் ஏறும். ஊரை விட்டுப் போனவர், வழியில் வீழ்ந்தவர் ஆகியோரின் பெயர் எந்த ஊர் ஏட்டிலும் ஏறாது. சாதாரண காலத்தில் சிறு குறையாகத் தோன்றும் இது, பஞ்சகாலத்தில் பெரும் மறைப்பாக மாறியது.

1871ஆம் ஆண்டு நடைபெற்ற மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதும் பொறுப்பும் கார்னிஷிடம் வந்தது. 1874இல் வெளிவந்த அவ்வறிக்கையின்படி மாகாணத்தின் மக்கள்தொகை 3 கோடியே 12 லட்சத்தைக் கடந்திருந்தது. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 19,66,995. தருமபுரி, கிருட்டிணகிரி, ஊத்தங்கரை, ஓசூர், திருப்பத்தூர் ஆகிய வட்டங்கள் அன்றைய சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தன என்பது ஈண்டு நினைவிற்கொள்ளத்தக்கது.

இவ்வறிக்கையின் சாதி குறித்த பகுதி சமூக வரலாற்று ஆய்வாளர்களால் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. சாதியின் தோற்றத்தை ஆராய்வதற்குச் சமய நூல்களின் கூற்றுகளைச் சான்றாகக் கொள்ள இயலாது என்றும், மக்கள் நான்கு வருணங்களாக மட்டும் பகுக்கப்பட்டிருந்த காலம் ஒன்று இருந்ததா என்பதே ஐயத்திற்குரியது என்றும் கார்னிஷ் கருதினார். எனினும், ஐயுற்ற அதே அறிக்கையில் மக்களைச் சாதிவாரியாக வகைப்படுத்தி எண்ணவும் அவர் செய்தார். அரசு கேட்ட வடிவில் கணக்கைத் தந்துவிட்டு, அவ்வடிவின் அடிப்படையை ஐயுறும் இவ்விரட்டை நிலை காலனிய அலுவலர் பலரிடமும் காணப்படுவதே. கார்னிஷிடம் அது வெளிப்படையாகத் தெரிகிறது.

4. பஞ்சமும் பாராமகாலும்

சேலம் மாவட்டத்தின் வடபகுதியில் பாராமகால் எனப்பட்ட நிலப்பரப்பு மழையை நம்பிய மேட்டுநிலமாகும். தருமபுரி வட்டம் இப்பரப்பைச் சேர்ந்தது. ஏரிகளும் கிணறுகளும் பருவமழை தவறினால் ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்காதவை. புன்செய்த் தானியமே உணவாகவும், அடுத்த பருவத்திற்கு விதையாகவும், கூலியாகவும் இருந்த இடத்தில் ஒரு பருவம் பொய்த்தால் இம்மூன்றும் ஒருசேர இல்லாமற்போகும்.

சென்னையிலிருந்து சேலம் செல்லும் இருப்புப்பாதை 1860களின் தொடக்கத்திலேயே திருப்பத்தூர், மொரப்பூர் வழியாக அமைக்கப்பட்டுவிட்டது. எனினும் தருமபுரி நகரம் அப்பாதையிலிருந்து விலகியே இருந்தது. நிலையத்தில் இறங்கிய தானியத்தை உள்ளூருக்கு மாட்டுவண்டிகளே கொண்டுசெல்ல வேண்டும். தீவனம் இன்றி மாடுகள் மடிந்தபோது நிலையத்திற்கும் ஊருக்கும் இடைப்பட்ட சில காதத் தொலைவு கடக்கவியலாததாயிற்று. விலையோ கூலியாளின் கைக்கு எட்டாத உயரத்திற்குச் சென்றது. சந்தையில் தானியம் இருந்தும் வாங்க இயலாதோர் பட்டினி கிடந்தமை இப்பஞ்சத்தின் இயல்பாகும். 1883இல் எச். லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும் 1918இல் எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் தொகுத்த மாவட்ட விவரச்சுவடியும் இப்பஞ்சத்தை மாவட்ட வரலாற்றின் திருப்புமுனையாகவே கொள்கின்றன.

5. ஒரு பவுண்டு வழக்கு

1877 சனவரி முதல் நாள் விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட தில்லி தர்பார் நடைபெற்றது. அம்மாதத்திலேயே இந்திய அரசின் பஞ்சப் பேராளராக ரிச்சர்ட் டெம்பிள் சென்னை மாகாணத்திற்கு அனுப்பப்பட்டார். சென்னை அரசு நிவாரணத்திற்கு மிகுதியாகச் செலவிடுகிறது என்ற எண்ணமே அவரை அனுப்பியதற்குக் காரணம்.

டெம்பிளின் முன்வரலாறு இங்குக் கருதத்தக்கது. 1874இல் பீகாரில் பஞ்சம் நேர்ந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்துப் பேரிழப்பைத் தடுத்தவர் அவரே. அதற்காக அவர் பாராட்டப்பட்டதைவிட வீண்செலவு செய்தார் எனக் கண்டிக்கப்பட்டதே மிகுதி. சென்னைக்கு வந்த டெம்பிள் சிக்கனத்தைக் கடமையாகக் கொண்டு வந்தார். நிவாரணப் பணியில் உழைக்கும் ஆணுக்கான தானிய அளவை நாளொன்றுக்கு ஒரு பவுண்டாக, அஃதாவது ஏறத்தாழ 450 கிராமாகக் கொண்டு, அதன் விலையோடு சிறு தொகை சேர்த்துக் கூலியாக வரையறுத்தார். பெண்டிர்க்கும் சிறார்க்கும் அதனினும் குறைவு. இக்கூலியே பின்னர் டெம்பிள் கூலி எனப் பெயர் பெற்றது.

கார்னிஷ் இதனை ஏற்கவில்லை. நாளொன்றுக்குக் குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியமும், அதனோடு காய்கறியும் பருப்பு முதலிய புரத உணவும் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. அவரது வாதத்தை மூன்று கூறுகளாகப் பிரித்துக் காணலாம். முதலாவது, சும்மா இருக்கும் உடலுக்கும் மண்வெட்டி மண்சுமக்கும் உடலுக்கும் தேவை ஒன்றன்று. நிவாரணப் பணியில் கடும் உழைப்பை வாங்கிக்கொண்டு ஓய்ந்திருப்பவனின் உணவைத் தருவது உடலைத் தின்று வேலை வாங்குவதாகும். இரண்டாவது, தானியம் மட்டும் உணவாகாது. பருப்பும் காய்கறியும் இன்றித் தசை தேயும். மூன்றாவது, பட்டினியின் சேதம் உடனே கண்ணுக்குப் புலப்படாது. உடல் ஒரு வரம்பைக் கடந்து மெலிந்தபின் நல்ல உணவைத் தந்தாலும் அதனைச் செரித்துக்கொள்ளும் ஆற்றல் மீளாது.

மூன்றாம் கூற்றின் உண்மையைப் பின்னர் மற்றொரு மருத்துவரின் ஆய்வு உறுதிப்படுத்தியது. சென்னை இராயபுரத்து நிவாரண முகாம் மருத்துவமனையின் பொறுப்பிலிருந்த அலெக்சாண்டர் போர்ட்டர், பட்டினியால் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்து, குடலின் உட்புறமே தேய்ந்துபோயிருந்ததைப் பதிவு செய்தார். அவரது நூல் 1889இல் வெளிவந்தது.

டெம்பிள் தரப்பின் மறுமொழி, நிவாரணம் உயிரைக் காக்கும் அளவிற்கு மட்டும் இருந்தால் போதும் என்பதாகும். கூடுதல் கூலி தந்தால் தேவையற்றோரும் வந்து சேர்வர் என்ற அச்சம் அதன் பின்னணியில் இருந்தது. வைசிராய் லிட்டன் டெம்பிளின் பக்கம் நின்றார். மாகாண அரசின் கீழ்ப் பணியாற்றிய மருத்துவர் ஒருவர், வைசிராயின் ஆதரவு பெற்ற பேராளரை எதிர்த்து அடுத்தடுத்து எழுதுவது எளிதன்று. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் அரசு தன் மருத்துவ ஆலோசகரைக் கைவிடவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. இவ்வழக்கின் தாள்கள் அச்சேறிப் பொதுவெளிக்கு வந்தன. சென்னை டைம்ஸ் இதழாசிரியராக இருந்த வில்லியம் டிக்பி 1878இல் வெளியிட்ட பஞ்ச வரலாற்று நூல் இவ்விவாதத்தை விரிவாகப் பதிவு செய்துள்ளது.

1877 மார்ச்சில் சென்னை அரசு கார்னிஷின் கருத்தை நோக்கிப் பாதித் தொலைவு நகர்ந்தது. தானிய அளவு ஒன்றேகால் பவுண்டாக உயர்த்தப்பட்டது. ஒன்றரை அவுன்ஸ் பருப்பும் சேர்க்கப்பட்டது. கேட்ட முழு அளவு கிடைக்கவில்லை. கிடைத்ததும் காலந்தாழ்ந்தே கிடைத்தது. இடைப்பட்ட வாரங்களில் மெலிந்தவர்களின் உடலில் அந்தக் கால் பவுண்டு என்ன செய்திருக்கும் என்பதற்கு அவரது மூன்றாம் வாதமே விடை.

6. இறந்தோரைக் கணக்கிடல்

பஞ்சம் தணியத் தொடங்கியபோது வேறொரு வழக்கு எழுந்தது. இறந்தவர் எத்தனை பேர்? கிராமப் பதிவுகள் காட்டிய எண்ணிக்கை உண்மையினும் குறைவு என்பதைக் கார்னிஷ் அறிந்திருந்தார். ஊரையே விட்டு மக்கள் வெளியேறிய இடத்தில் பதிவு செய்பவரும் இல்லை. பதிவு செய்யப்படுபவரும் இல்லை. எனவே பதிவேட்டைத் திருத்த முனைவதை விடுத்து, 1871ஆம் ஆண்டின் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, பஞ்சம் தாக்கிய மாவட்டங்களில் தேர்ந்த பகுதிகளில் 1878இல் மீண்டும் தலைகளை எண்ணச் செய்தார். இருந்திருக்க வேண்டியவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடைப்பட்ட வேறுபாடு, ஏட்டில் ஏறாத சாவுகளைச் சுட்டியது. மக்கள்தொகை ஆய்வில் இம்முறை முன்னோடியானது.

1881ஆம் ஆண்டின் பொதுக் கணக்கெடுப்பு இதனை மெய்ப்பித்தது. மாகாணம் முழுவதையும் ஒன்றாக நோக்கினால் மக்கள்தொகை பத்தாண்டில் சற்றே குறைந்ததாக மட்டும் தோன்றும். மாவட்டத்தை நோக்கினால் உண்மை வேறு. சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை 15,99,595 ஆகக் குறைந்திருந்தது. பத்தாண்டில் குறைந்தோர் 3,67,400 பேர். நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேர். 1871க்கும் 1876க்கும் இடையில் பெருகியிருக்கக்கூடிய தொகையைச் சேர்த்துப் பார்த்தால் இழப்பு இதனினும் மிகும். வெளியேறியவர்களை அதிலிருந்து கழிக்கவும் வேண்டும். 1891இல்தான் மாவட்டம் இருபதாண்டுகளுக்கு முந்தைய நிலையை ஏறத்தாழ எட்டியது. பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மட்டும் 50 லட்சத்திற்கு மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

பஞ்சத்தை ஆராய ரிச்சர்ட் ஸ்ட்ராச்சியின் தலைமையில் அமைந்த ஆணையம் 1880இல் அறிக்கை அளித்தது. அதனை அடுத்து 1880களில் பஞ்ச விதித்தொகுப்புகள் உருவாயின. உழைப்பவர்க்கு ஓர் அளவு, உழைக்க இயலாதவர்க்கு ஓர் அளவு எனப் பிரித்து வகுக்கும் முறை அவற்றில் இடம்பெற்றது. கார்னிஷ் வென்றார் என்று இதனைக் கூறிவிட இயலாது. ஆனால் உணவின் அளவை நிதித்துறை மட்டும் முடிவு செய்யும் நிலை மாறி, மருத்துவரின் சொல்லும் அதில் இடம்பெற வேண்டும் என்பது ஏற்கப்பட்டது.

கார்னிஷ் பின்னர்ச் சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவராக உயர்ந்தார், அரசின் சி.ஐ.ஈ. விருதையும் பெற்றார். முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பணிக்குப் பின் ஓய்வு பெற்று நாடு திரும்பி, 1890களில் மறைந்தார்.

7. தமிழ்ப் பஞ்ச இலக்கியமும் அரசு ஆவணமும்

இப்பஞ்சத்தைத் தமிழ்ப் புலவர்களும் பாடினர். சிவகங்கை வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசம் அவற்றுள் தலையாயது. மதுரைச் சொக்கநாதரே தம் அடியாரின் பசியைத் தீர்க்க இயலாமல் சிவகங்கைச் சமீனுக்குத் திருமுகம் எழுதுவதாக அமைந்த அந்நூல், பசியை எள்ளலின் வழியே காட்டுவது. மாயூரத்தில் முன்சீபாக விளங்கிய வேதநாயகம் பிள்ளை தம் பொருளைப் பஞ்சத்தில் வாடியோர்க்கு வழங்கியமையும் இலக்கிய வரலாற்றில் பதிவானதே.

அரசு ஆவணமும் இவ்விலக்கியங்களும் ஒரே துயரத்தின் இருவேறு பதிவுகள். ஆவணத்தில் பசித்தவன் ஓர் எண்ணாக நிற்கிறான். அவன் என்ன நினைத்தான் என்பதற்கு அங்கு இடமில்லை. இலக்கியத்தில் பசித்தவனின் பேச்சும் நாணமும் சினமும் உண்டு. எத்தனை பேர் என்பதற்கு விடையில்லை. கார்னிஷின் எழுத்துகளிலும் இக்குறை தெளிவாக உள்ளது. அவர் எவருக்காக வாதிட்டாரோ அவர்கள் பேசிய மொழியில் அவர்களது சொல் அவரது அறிக்கைகளில் இல்லை. வரிவிதிப்பும் தானிய வணிகமும் பஞ்சத்திற்கு எவ்வளவு காரணம் என்னும் வினாவும் அவரது வழக்கிற்கு வெளியிலேயே நின்றது. ஆட்சியை அவர் எதிர்க்கவில்லை. அதன் அளவுகோலையே எதிர்த்தார். இவ்வரம்பைக் கூறாமல் அவரைப் போற்றுவது வரலாறாகாது. அதே வேளையில், அந்த அளவுகோலின் கால் பவுண்டு வேறுபாட்டில் உயிர்கள் அடங்கியிருந்தன என்பதையும் மறத்தல் கூடாது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

அ. 1863ஆம் ஆண்டின் உணவு ஆய்வும் 1871ஆம் ஆண்டின் கணக்கெடுப்பும் இல்லாதிருப்பின், 1877ஆம் ஆண்டின் வழக்கைக் கார்னிஷ் நடத்தியிருக்க இயலாது. நெருக்கடியில் பேசும் துணிவுக்கு முன்னதாகச் செய்து வைத்த பொறுமையான ஆய்வு தேவைப்பட்டது.

ஆ. மாகாண அளவிலான எண் மறைத்ததை மாவட்ட அளவிலான எண் வெளிப்படுத்தியது. பஞ்ச வரலாற்றை வட்டார அளவில் எழுத வேண்டியதன் தேவை இதனால் விளங்கும்.

இ. தமிழ்ப் பஞ்ச நூல்களைக் கும்மி, விலாசம் முதலிய வடிவ நோக்கில் மட்டும் ஆராயாது, அவை தோன்றிய வட்டாரத்தின் இறப்புக் கணக்கோடும் விலைக் கணக்கோடும் இணைத்து ஆராய்தல் வேண்டும்.

பஞ்சத்திலிருந்து பெற்ற பாடம் இப்பகுதிக்குப் பல வடிவங்களில் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குப் பஞ்சகாலப் பாதுகாப்பாகக் குறுகிய இருப்புப்பாதை அமைக்கப்பட்டது. 1939இல் சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரத்திற்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2023இல் பொது வினியோகத் திட்டத்தின்கீழ்க் கேழ்வரகு வழங்கும் முன்னோடித் திட்டத்திற்கு நீலகிரியோடு தருமபுரி தேர்ந்தெடுக்கப்பட்டது. இம்மண்ணில் உழைப்பவர் உண்ணும் தானியம் எது என்று ஒரு மருத்துவர் கேட்டு 160 ஆண்டுகள் கழிந்த பின்னர், அத்தானியம் நியாயவிலைக் கடையின் எடைத்தராசுக்கு வந்துள்ளது. எடை சரியாக இருக்கிறதா எனப் பார்க்கும் பொறுப்பு இன்றும் எஞ்சியே உள்ளது.